பத்து லட்சம் பேர் சொன்ன ஆப்

என் தம்பி சரண் எதையும் சட்டென்று வாங்கிவிட மாட்டான். போன வருஷம் என் குக்கர் கைப்பிடி உடைந்தபோது, புதிதாக ஒன்று பார்த்து வாங்கிக் கொடுடா என்று தெரியாத்தனமாக அவனிடம் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் போனைக் குடைந்தான். ஒரு குக்கருக்கு நாலரை ஸ்டார், ஆனால் விசில் சரியில்லை என்று நாசிக்கிலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருக்கிறாளாம். இன்னொன்றில் விசில் பிரமாதமாம், ஆனால் ரப்பர் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறதாம். அந்த ஒரு வாரமும் நான் பருப்பைச் சட்டியில் வேகவைத்தேன். கடைசியில் நானே ஆவடி மார்க்கெட்டுக்குப் போய்க் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்தேன். அது இன்றுவரை நன்றாகத்தான் விசிலடிக்கிறது.

பட்டாபிராமில் அப்பா கட்டிய வீட்டில்தான் இரண்டு பேரும் இருக்கிறோம். மேலே சரண், கீழே நானும் என் வீட்டுக்காரரும். வாசலை ஒட்டிய அறையில் எனக்குத் தையல் கடை. சரணுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். மிஷினிலிருந்து வருகிற பீஸை அளவு பார்க்கிற கேஜில் வைப்பான். அளவு கோட்டுக்குள் இருந்தால் பச்சைத் தட்டு, ஒரு மயிரிழை தள்ளியிருந்தாலும் சிவப்புத் தட்டு. எட்டு மணி நேரம் இதே வேலை. வீட்டுக்கு வந்தும் அந்தப் புத்தி போகாமல் உட்கார்ந்து ஸ்டார் பார்ப்பான்.

எங்கள் அம்மா போனதிலிருந்துதான் அவனுக்கு இந்தப் பழக்கம். நெஞ்சு வலிக்கிறது என்றதும், கிட்டத்தில் இருந்த ஒரு சின்ன நர்ஸிங் ஹோமுக்கு அம்மாவை ஆட்டோவில் கொண்டு போனோம். வாயுத் தொந்தரவு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அம்மா இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம், "அங்கயா இட்டுகினு போனீங்க? அங்க யாராச்சும் போவாங்களா?" என்றார்கள். சரண் அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தான். "இத முன்னாடியே ஒருத்தராவது சொல்லியிருக்கலாம் இல்லக்கா?" என்று என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். நான் என்ன சொல்ல? அதனால்தான் அவனை எவ்வளவு கிண்டல் செய்தாலும் ஓரிடத்தில் நிறுத்திக்கொள்வேன்.

சிபாரிசே கூடாது என்று சொல்கிறவள் இல்லை நான். என் கடையே அதில்தான் ஓடுகிறது. ஒருத்தியின் ஜாக்கெட்டைப் பார்த்து இன்னொருத்தி வருகிறாள். ஆனால் அனுப்பியவள் யார், அவள் உடம்பு எப்படி, அவளுக்கு இறுக்கிப் பிடித்தால் பிடிக்குமா தொளதொளவென்று இருந்தால் பிடிக்குமா என்பதெல்லாம் வருகிறவளுக்குத் தெரியும். ஊர் பேர் தெரியாத ஒருவன் ஐந்து ஸ்டார் போட்டான் என்பதற்காக இவன் ஏன் துள்ளிக் குதிக்கிறான் என்பதுதான் எனக்குப் புரிவதில்லை.

அவன் ஸ்டார் பார்க்காமல் சரி என்றது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அது சுவேதா. நான் பார்த்த பெண். பூந்தமல்லியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அதிகம் பேச மாட்டாள், ஆனால் பேசினால் நேராகப் பேசுவாள். அவள் அம்மா வேம்புலியம்மாள் அத்தைக்குத் திருவேற்காட்டில் கோலடிப் பக்கம் வீடு. அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்த குடும்பம். வயலெல்லாம் வீடுகளானபின், அத்தை ஒரு பெரிய ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்து சூப்பர்வைசராக உயர்ந்துவிட்டார். அவருக்குக் கீழே இருக்கிற அத்தனை பேருக்கும் அட்டெண்டன்ஸ் போனிலேயே போடுகிறவர். போன் தெரியாத பழைய காலத்து மாமியார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

வளைகாப்பு முடிந்து சுவேதா அம்மா வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது. மோக்ஷிதா என்று பெயர் வைத்தோம், ஆனால் எல்லோருக்கும் பாப்பாதான். எங்கள் வழக்கப்படி ஐந்தாம் மாதம் நல்ல நாள் பார்த்து, பூ பழத்தோடு போய்த் தாயையும் பிள்ளையையும் அழைத்து வர வேண்டும். அம்மா இல்லாததால் அந்த வேலை என்னுடையது. அதுவரை சரண்தான் திருவேற்காட்டுக்கும் பட்டாபிராமுக்குமாக அலைய வேண்டும்.

அலைவதற்கு அவன் தேர்ந்தெடுத்தது சைக்கிள். வீட்டில் பைக் சும்மா நிற்கிறது. "பைக்ல போடா" என்றால், "அப்பாவாயிட்டேன்க்கா, உடம்ப பாத்துக்க வேணாமா?" என்றான். சரி, போ என்றேன். உடனே போனானா? எந்த வழியாகப் போவது என்று சொல்கிற ஆப்பில் எது நல்ல ஆப் என்று பார்க்க உட்கார்ந்தான். ஒன்றின் மேல் மலைப் படம், இன்னொன்றின் மேல் அம்புக்குறி. அம்புக்குறி ஆப் குறுக்குச் சந்தெல்லாம் காட்டும், ஆனால் அடிக்கடி நின்றுவிடும் என்று நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். மலை ஆப்பில் சைக்கிள்காரர்கள் தாங்கள் போய் வந்த வழியையே போட்டு, நன்றாக இருந்ததா இல்லையா என்றும் எழுதுகிறார்கள். மலை ஆப் ஜெயித்தது.

மலை ஆப் அவனை அவுட்டர் ரிங் ரோட்டில் ஏற்றிவிட்டது. நெமிலிச்சேரியில் ஏறி, பூந்தமல்லி வரை இறங்கிப்போய், திரும்பித் திருவேற்காட்டுக்கு வருவது. சுற்று வழி, ஆனால் அத்தனை பேரும் சொர்க்கம் சொர்க்கம் என்று எழுதியிருக்கிறார்களாம். காலை ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சாயங்காலம் கிளம்பினான். போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. லாரிப் புழுதியில் முகம் தெரியவில்லை. பாப்பா தூங்கிவிட்டாள். இந்த மூஞ்சியோடு பிள்ளையைத் தூக்காதே என்று சுவேதா குளிக்கச் சொல்லி விரட்டியிருக்கிறாள்.

மறுநாள் நான்தான் அவன் போனை வாங்கிப் பார்த்தேன். சொர்க்கம் என்று எழுதியவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கூட்டமாகப் போகிறவர்கள். "அவங்க போறது லாரிக்காரன் தூங்கற நேரம்டா. நீ போறது அவன் முழிச்சுகினு கீற நேரம்" என்றேன். தலையைச் சொறிந்தான். பிறகு ஆவடி, பருத்திப்பட்டு ஏரி, காடுவெட்டி என்று எல்லோரும் போகிற ரோட்டிலேயே போக ஆரம்பித்தான். அதோடு பாடம் படித்துவிட்டான் என்று நினைத்தேன். அது என் தப்புக் கணக்கு.

அடுத்தது பிள்ளை வளர்க்கிற ஆப். குழந்தை எப்போது பால் குடித்தது, எவ்வளவு நேரம் தூங்கியது, எத்தனை தடவை துணி மாற்ற வேண்டியிருந்தது என்று அதில் போட வேண்டும். அதிலும் மூன்றை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு வாரம் மற்றவர்கள் எழுதியதைப் படித்தான். பால்புட்டிப் படம் போட்டதில் விளம்பரத் தொல்லை. நிலாப் படம் போட்டது தூக்கத்துக்கு மட்டும் நல்லது. யானைப் படம் போட்டதில், வீட்டில் இருக்கிறவர்கள் போட்டால் வெளியில் இருக்கிற அப்பனுக்கும் உடனே தெரியுமாம். பிள்ளையைப் பிரிந்து இருக்கிற அப்பன்கள் பலர் அதைத்தான் கொண்டாடி எழுதியிருந்தார்கள். ஒருவர் கப்பலில் வேலை செய்கிறாராம், யானை ஆப் இல்லாவிட்டால் என் மகளை எனக்குத் தெரியாமலே போயிருக்கும் என்று எழுதியிருந்தாராம். அதைச் சரண் எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினான். அந்த இடத்தில் நான் கிண்டல் செய்யவில்லை.

பெயர் வைத்த அன்று மூன்று போனிலும் யானையை ஏற்றினான். அத்தைக்கு விளக்கிச் சொன்னான்.

"இது சும்மா ஆப் இல்ல அத்தே. பத்து லட்சம் பேரு யூஸ் பண்றாங்க. நல்லா கீதுன்னு எழுதிகிறாங்க."

"பத்து லட்சம் பேரா?" என்றார் அத்தை.

"ஒலகம் பூரா, அத்தே!"

அத்தை வேறொன்றும் கேட்கவில்லை. பாப்பாவின் கன்னத்தில் இருந்த மைப்பொட்டு அழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, போனை வாங்கி எங்கே தொட்டால் என்ன வரும் என்று கற்றுக்கொண்டார். சுவேதாவால் பால் கொடுத்துக்கொண்டே போனைத் தடவ முடியவில்லை. அவள் வாயால் சொல்ல, லீவு போட்டு வீட்டில் இருந்த அம்மா போடுவது என்று ஏற்பாடாகிவிட்டது.

அதற்குப்பின் சரணைப் பார்க்க வேண்டுமே. சாப்பிடும்போது யானை, பஸ்ஸில் யானை, கம்பெனியில் டீக்கு விட்டால் யானை. "அக்கா, பாப்பா இப்ப தூங்கறா" என்று மாடிப்படியிலிருந்து சொல்லிவிட்டுப் போவான். பாவமாகவும் இருக்கும், சந்தோஷமாகவும் இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் எனக்கு உறுத்தியது. அதற்கு முன்னால் ஷிப்டுக்குப் போகும்போது ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை சுவேதாவுக்குப் போன் போட்டுவிடுவான். மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேசுகிற குரல் எனக்குக் கீழே கேட்கும். யானை வந்தபின் அந்தக் குரல் நின்றுவிட்டது. "எல்லாம்தான் இதுலயே வந்துடுதேக்கா" என்றான்.

மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்த சமயத்தில் அவன் முகம் மாறியது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். என்னடா என்றேன். போனைக் காட்டினான். அந்த வயதுக் குழந்தைகளுக்கு இவ்வளவு என்று ஒரு பச்சைப் பட்டை இருக்கிறது. பாப்பாவின் கோடு அதற்குக் கீழே ஊர்ந்துகொண்டிருந்தது. பாலும் குறைவு, தூக்கமும் குறைவு.

"அளவுக்கு வெளிய கீதுக்கா" என்றான். அவன் கண்ணில் அந்தச் சிவப்புத் தட்டு தெரிந்தது.

"சுவேதாவ கேட்டியா?"

"கேட்டா பயந்துடுவாக்கா."

அவளைக் கேட்கவில்லை, ஆனால் யானை ஆப்பிலேயே பெற்றோர்கள் பேசிக்கொள்கிற இடத்தில் கேட்டிருக்கிறான். அறுபது பேர் பதில் போட்டிருக்கிறார்கள். தாய்க்குப் பால் போதவில்லை, பவுடர் பால் சேர்த்துக் கொடுங்கள் என்ற பதிலுக்குத்தான் நிறைய இதயம் விழுந்ததாம். எந்தப் பவுடர் என்பதற்கும் தனியாக ஒரு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பவுடர் டின்னை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஷேர் ஆட்டோவில் போனேன், அவன் சைக்கிளில் வந்தான். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியும் பாப்பாவைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தாள். சரண் வந்தான், பையைத் திறந்தான், டின்னை எடுத்து சுவேதாவின் முன்னால் வைத்தான்.

"இன்னாங்க இது?" என்றாள் சுவேதா.

"பால் பவுடர். பாப்பாக்குப் பத்தல சுவேதா. ரெண்டு வாரமா பாத்துகினே கீறேன். அறுபது பேரு இதத்தான் சொல்லிகிறாங்க. இதுக்குத்தான் ரேட்டிங்கும் அதிகம்."

பக்கத்து வீட்டுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சுவேதா அந்த டின்னையே பார்த்தாள். எங்கள் முன்னால் அவள் எப்போதும் அவனை வாங்க போங்க என்றுதான் பேசுவாள்.

"எனக்குப் பால் பத்தலன்னு ஊரெல்லாம் கேட்டுட்டு வந்துட்டியா நீ?" என்றாள்.

"உன்ன சொல்லல..."

"வேற யார சொன்னாங்க? பால் குடுக்கறது நான்தான?"

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேம்புலியம்மாள் அத்தை வாயே திறக்கவில்லை. மருமகனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், குறைந்தபட்சம் ஒரு முறைப்பாவது முறைப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளிறிப்போய் இருந்தது. கோபத்தை அடக்குகிறார் போல என்று எண்ணிக்கொண்டேன். பெற்ற பெண்ணை அவள் வீட்டிலேயே வைத்து, வெளியாள் முன்னால் இப்படிச் சொன்னால் எந்தத் தாய்க்குத் தாங்கும்? எனக்கே அவனை இழுத்து ஒரு அறை விடலாம் போலிருந்தது.

மறுநாள் சரண் என் கடைக்குள் வந்து போனை நீட்டினான். யானையில் பாப்பாவின் படம் இருந்த இடம் காலி. இந்தக் குழந்தையைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. சுவேதா அவன் பெயரை எடுத்துவிட்டாள். கூடவே ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள், அஞ்சாம் மாசம் கூப்ட யாரும் வர வேணாம் என்று. தைத்துக்கொண்டிருந்த பாவாடையை அப்படியே விட்டுவிட்டேன். சரண் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். அம்மா காரியத்துக்குப் பிறகு அவன் அழுது நான் பார்த்ததில்லை.

"போய் அவ கால்ல விழுடா" என்றேன்.

விழவில்லை. அதற்கும் போய்ப் போனில் யாரையோ கேட்டிருக்கிறான். மனைவி பேசவில்லை, என்ன செய்யலாம் என்று. கொஞ்ச நாள் தனியாக விடுங்கள், தானாகச் சரியாகிவிடும் என்ற பதில்தான் அங்கே ஜெயித்ததாம். அதன்படி ஒரு வாரம் திருவேற்காட்டுப் பக்கமே போகாமல் இருந்தான். சுவேதா என்ன நினைத்திருப்பாள்? டின்னை வைத்துவிட்டு ஓடிப்போய்விட்டான் என்றுதானே. விஷயம் தெரிந்ததும் நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் டிவியைக் குறைத்தார். அன்று சாயங்காலமே சைக்கிளை எடுத்தான். அங்கே அத்தை டீ கொடுத்தார், பாப்பாவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். சுவேதா அறையை விட்டு வரவில்லை. அதற்குப்பின் தினமும் அப்படித்தான். போவான், பாப்பா இவன் கையில் அழுவாள், திருப்பிக் கொடுத்துவிட்டு வருவான். மூடின கதவைப் பார்த்துவிட்டு ஆவடி வரைக்கும் மிதிப்பதுதான் கஷ்டம் என்றான்.

தடுப்பூசி போடுகிற நாள் வந்தது. நானும் வருகிறேன் என்று அத்தைக்குப் போன் செய்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு காலையிலேயே போய்விட்டேன். எப்படியாவது சுவேதாவிடம் பேசி, ஐந்தாம் மாதம் வருவேன் என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அத்தை இட்லி வைத்தார், சாப்பிட்டோம். பாப்பாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றிக் கிளப்புவதிலேயே நேரம் போய்விட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சரண் முன்னாலேயே வந்து வரிசையில் நின்றிருந்தான். சுவேதா அவனைப் பார்த்தாள். போகச் சொல்லவில்லை. கூட்டத்தில் வரிசை நகர வெகுநேரம் ஆனது.

எங்கள் முறை வந்ததும் நர்ஸ் பாப்பாவைத் தராசில் கிடத்தினார். எடையைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, "பரவால்லயே, நல்லா வெயிட் போட்டுகிறாளே!" என்றார்.

"மெதுவா சொல்லு தாயி, எல்லாரும் கேக்கறாங்க" என்று அத்தை பதறிப்போய்ப் பாப்பாவின் மேல் துண்டைப் போட்டார்.

சரண் முன்னால் வந்தான். "சிஸ்டர், தராசு கரெக்டா கீதா?"

"இன்னா சார், உங்க பொண்ணு வெயிட்டா இருந்தா எங்க தராசுதான் தப்பா?" என்றார் நர்ஸ். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இல்ல சிஸ்டர், ஒரு நாளைக்கு அஞ்சு தபாதான் பால் குடிக்கறா..."

"அஞ்சு தபாவா?" சுவேதா சட்டென்று திரும்பினாள். மூன்று வாரத்தில் அவள் அவனிடம் பேசின முதல் பேச்சு அது. "யாரு சொன்னா? பத்து தபா குடிக்கறா. ராத்திரி பூரா என்ன உறிஞ்சறா. அஞ்சு தபான்னு எங்க பாத்த?"

சரண் போன் இருந்த பையைத் தொட்டுக் காட்டினான். சுவேதா தன் போனை எடுத்து யானையைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சொல்வது அவள், போடுவது அம்மா. போட்டதை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். அத்தை, "ஊசி போட்டுகினு ஊட்டுக்கு போலாம் வா" என்றார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் நான்தான் கேட்டேன். "இன்னாத்தே இது? அவ பத்துன்னு சொன்னா நீங்க அஞ்சுன்னு போட்டீங்களா?"

"ஆமா, போட்டேன்" என்றார் அத்தை. "மாப்ளதான சொன்னாரு, பத்து லட்சம் பேரு கீறாங்கன்னு? எதிர்ஊட்டுக்காரி ஒருத்தி பாத்தாலே கொயந்த ரெண்டு நாளு அழுவுது. இத்தினி பேரு பாக்கற எடத்துல, எம்பேத்தி பத்து தபா பால் குடிக்கறா, நல்லா தூங்கறான்னு போட்டா வெளங்குமா? நானும் சுத்திப் போட்டுகினுதான் கீறேன். பத்து லட்சம் பேருக்கு எத்தினி மொளகா சுத்தறது?"

"அது நம்ப மட்டுந்தான் பாக்கறது அத்தே" என்றான் சரண்.

"அப்படி நீ சொன்னியா? பத்து லட்சம்னுதான சொன்ன?"

அவன் என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அத்தையைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. எங்கள் பக்கத்தில் யார் அப்படிச் சொல்லாமல் இருக்கிறார்கள்? குழந்தை நன்றாகச் சாப்பிடுகிறதா என்று கேட்டால், எங்கே சாப்பிடுகிறது, சும்மா நக்கிவிட்டுத் தூங்கிவிடுகிறது என்போம். கடை எப்படிப் போகிறது என்று என்னைக் கேட்டால், தீபாவளிக்குத் துணி மலையாகக் குவிந்து கிடந்தாலும், ஏதோ போகுது என்றுதான் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்கிற அதே பதிலை அத்தை போனுக்கும் சொல்லியிருக்கிறார். டின் வந்த அன்றே சொல்லியிருக்கலாமே என்றேன். "எப்டி சொல்றது? எம்பொண்ணு மூஞ்சிய பாக்கவே முடியல" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

"கேஜே தப்புக்கா" என்றான் சரண். "நான் அத செக் பண்ணவே இல்ல." அவன் முகத்தில் ஒரு தெம்பு வந்திருந்தது. சுவேதாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "பாத்தியா சுவேதா, நம்பர்தான் தப்பு. அதப் பாத்துதான் நான்..."

"நம்பர் எங்கம்மாவோட தப்பு" என்றாள் சுவேதா. "டின்னு உன்னோடது."

அவன் போனைப் பையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தான்.

"அந்த ஆப்பு வர்றதுக்கு முன்னாடி தினம் போன் பண்ணுவ. அதுக்கப்பறம் ஒரு நாளாச்சும் பண்ணியா? எல்லாம் தெரிஞ்சிடுச்சு, இனிமே இவகிட்ட இன்னா பேசறதுன்னு உட்டுட்ட. யார் யாரையோ கேட்ட. என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா பத்து தபான்னு சொல்லியிருப்பேன் இல்ல?"

"இனிமே உன்னத்தான் கேப்பேன். எதுன்னாலும் உன்னத்தான் கேப்பேன் சுவேதா."

"இன்னா கேப்ப?"

"பாப்பா எத்தினி தபா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

அவள் அவனையே பார்த்தாள். அவன் என் பக்கம் திரும்பினான். சொல்லிக்கொடுக்க எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி அவளைப் பார்த்தான். ஊசி போட்ட பிள்ளையை மடியில் போட்டுக் காலை நீவிக்கொண்டு இருந்தாள். தலை வாரவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அவன் மெதுவாகக் கேட்டான்.

"நீ சாப்டியா?"

சுவேதாவின் கண் நிறைந்துவிட்டது. "இல்ல" என்றாள். "காலைலேந்து இல்ல."

மணி மூன்று. காலையில் நானும் அத்தையும் அவள் எதிரில் உட்கார்ந்துதான் இட்லி சாப்பிட்டோம். வந்ததிலிருந்து பாலைப் பற்றியும் தூக்கத்தைப் பற்றியும் எடையைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசினோம். அவள் சாப்பிடவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை, பெற்ற தாயும் கவனிக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அத்தை பதறி எழுந்தார். "நீங்க உக்காருங்க அத்தே" என்று சொல்லிவிட்டு சரண் சமையலறைக்குப் போனான். எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு மூடியாகத் திறக்கிற சத்தம் கேட்டது. தட்டில் சோறும் குழம்பும் போட்டு, முட்டை ஒன்றை உரித்து வைத்துக்கொண்டு வந்தான். அவள் மடியிலிருந்து பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். பாப்பா வீறிட்டாள். அத்தை கையை நீட்டினார். "இருக்கட்டும்மா, அவரே வெச்சுக்கட்டும்" என்றாள் சுவேதா. அவன் அந்தச் சின்ன ஹாலிலேயே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான்.

சுவேதா குனிந்த தலை நிமிராமல் வேகவேகமாகச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டாள். பாப்பாவின் அழுகை கொஞ்சம் கொஞ்சமாகத் தேம்பலாக மாறியது. அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, அஞ்சாம் மாசத்துக்கு நாள் பாத்துட்டீங்களா?"

வாயில் சோற்றோடு அவள் கேட்டது எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. இருந்தாலும், இன்னொரு தடவை சொல்லு என்றேன்.